சப்ளையர் கம்பெனியின் எச்.ஆர். துறைக்கு இ.எஸ்.ஜி. என்றால் உண்மையில் என்ன வேலை?

நீங்கள் கேட்டிருப்பது இது: கோவையில் வார்ப்பும் மெஷினிங்கும் செய்யும் நடுத்தரக் கம்பெனி ஒன்றில் எச்.ஆர். பார்க்கிறீர்கள். உங்களிடம் சரக்கு எடுக்கும் ஒரு லிஸ்டட் (பங்குச் சந்தையில் பட்டியலான) கம்பெனி இ.எஸ்.ஜி. (சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாக ஒழுங்கு) கேள்வித்தாள் அனுப்பியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு உங்கள் எம்.டி., "எச்.ஆர். பாலிசியில் இ.எஸ்.ஜி.யைச் சேர்த்துவிடுங்கள், கே.பி.ஐ. போட்டுக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டார். கே.பி.ஐ. என்றால் வேலை எப்படி நடக்கிறது என்று அளக்கும் எண்கள். எங்கே ஆரம்பிப்பது? இதுதான் எழுதியிருக்கும் கேள்வி. ஆனால் மரம் நடும் விழா, பிளாஸ்டிக் பாட்டில் ஒழிப்பு என்றெல்லாம் நீங்கள் வரிசையாகப் போட்டிருப்பதைப் பார்த்தால், உள்ளே இருக்கும் கேள்வி வேறு மாதிரி தெரிகிறது. 'காகிதத்தில் எதை எழுதினால் இது பாஸாகும், அதற்கு மேல் எங்கள் வேலையில் ஏதாவது மாறித்தான் ஆக வேண்டுமா?' என்பதுதான் அது. அதற்கே பதில் சொல்கிறேன்.

நூற்பாலை, வார்ப்பாலை, பின்னலாடை என்று கோவை, திருப்பூர் வட்டாரத்திலேயே பல வருடங்கள் தொழிலாளர் நிர்வாகம் பார்த்தவன் நான். ஐ.டி. கம்பெனிக்கும் வங்கிக்கும் இந்தப் பதில் அப்படியே பொருந்தாது. அங்கே பிரச்சினைகளின் முகமே வேறு.

முதலில் இந்தத் தாள் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாக ஒழுங்கு மூன்றையும் ஒரே பெயரில் கட்டிப் பேசும் வழக்கம் 2004-இல் ஐ.நா. குளோபல் காம்பேக்ட் (பொறுப்பான தொழில் நடத்தைக்காகக் கம்பெனிகளைச் சேர்க்கும் ஐ.நா. முயற்சி) முன்னின்று வெளியிட்ட ஓர் அறிக்கையோடு பரவியது. முதலீட்டாளர்களுக்காகப் பிறந்த சொல் அது, தொழிலாளிக்காக அல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டால் கேள்விகள் ஏன் இப்படி எண்ணும் சதவீதமுமாக இருக்கின்றன என்று புரியும். இந்தியாவில் பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபி 2012-இல் முதல் 100 லிஸ்டட் கம்பெனிகளுக்கு வணிகப் பொறுப்பு அறிக்கை என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 2021 மே மாதம் அதை விரிவாக்கி பி.ஆர்.எஸ்.ஆர். (வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை) என்ற வடிவம் கொடுத்தது. சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் இருக்கும் கம்பெனிகளுக்கு 2022-23 நிதியாண்டு முதல் அது கட்டாயம். அடுத்து 2023 ஜூலையில், அந்த அறிக்கையிலிருந்து சில எண்களை மட்டும் பிரித்து 'பி.ஆர்.எஸ்.ஆர். கோர்' என்று பெயரிட்டு, வெளியாள் ஒருவர் சரிபார்த்துச் சான்று தர வேண்டும் என்றது. சப்ளையர்களின் தகவலையும் பெரிய கம்பெனிகள் தர வேண்டும் என்று அப்போது சொன்ன செபி, பின்னர் தளர்த்தி, அதை விருப்பத்தின் பேரில் செய்தால் போதும் என்று ஆக்கிவிட்டது. ஆகவே லிஸ்ட் ஆகாத உங்கள் கம்பெனியை இந்த விதி நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் வாங்குபவர் கேட்கிறார், ஆர்டர் அவர் கையில் இருக்கிறது. ஐரோப்பாவுக்குச் சரக்கு போகிறது என்றால் சப்ளையர் இடத்தில் மனித உரிமை மீறல் இருக்கிறதா என்று வாங்குபவரைப் பார்க்கச் சொல்லும் ஜெர்மனியின் சப்ளை செயின் சட்டம் போன்றவற்றின் அழுத்தமும் (2023 ஜனவரியிலிருந்து) வாங்குபவர் வழியாக உங்கள் மேசைக்குத்தான் வந்து சேரும்.

சரி, பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கையில் எச்.ஆர். பங்கு எவ்வளவு? ஒன்பது கோட்பாடுகளில் மூன்றாவது தொழிலாளர் நலன், ஐந்தாவது மனித உரிமை. இரண்டுமே முழுக்க முழுக்க உங்கள் அலமாரியில் இருக்கும் ரெக்கார்டுகள். மருத்துவக் காப்பீடு, விபத்துக் காப்பீடு, மகப்பேறு விடுப்பு, குழந்தைகள் காப்பகம், பி.எஃப்., கிராஜுவிட்டி, இ.எஸ்.ஐ., பயிற்சி, விபத்து எண்ணிக்கை, குறைந்தபட்சக் கூலி, ஆண் பெண் இருவருக்குமான மீடியன் (வரிசையில் நடுவில் வரும்) சம்பளம், பாலியல் தொல்லைப் புகார்கள், சங்கத்தில் எத்தனை பேர், வேலையை விட்டுப் போனவர்கள் எத்தனை சதவீதம் என்று நீளும். இதில் புதிதாக எதுவும் இல்லை என்று உங்களுக்கே தெரியும். முக்கால்வாசி ஏற்கெனவே சட்டம் கேட்பதுதான். புதிது ஒன்றே ஒன்று. இவற்றில் பலவற்றை நிரந்தரத் தொழிலாளி, நிரந்தரம் அல்லாத தொழிலாளி என்று பிரித்துக் காட்டச் சொல்கிறது. நம் ஊர்ப் பட்டறைகளுக்கு வலிக்கும் இடம் அதுதான். எச்.ஆர். துறைக்குள் இ.எஸ்.ஜி. வந்துவிட்டதா இல்லையா என்று நான் பார்ப்பதும் அந்த ஓர் இடத்தில்தான். யாரைக் கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிரந்தரம் 120 பேர், கான்ட்ராக்ட் 180 பேர் என்று வையுங்கள். ஆளுக்கு வருடம் 2,400 மணி நேர வேலை. வேலைக்கு வர முடியாத அளவுக்குக் காயம் பட்டவர்கள் நிரந்தரத்தில் ஒருவர், கான்ட்ராக்டில் ஐந்து பேர். விபத்து வீதம் என்பது பத்து லட்சம் வேலை மணிக்கு எத்தனை காயம் என்பது. நிரந்தரத்தை மட்டும் எடுத்தால் 2,88,000 மணிக்கு ஒரு காயம், வீதம் சுமார் 3.5. எல்லோரையும் சேர்த்தால் 7,20,000 மணிக்கு ஆறு காயம், வீதம் 8.3. மூன்றாவதாக ஒரு கணக்கும் உண்டு. வேலை மணியில் மட்டும் கான்ட்ராக்ட் ஆட்களைச் சேர்த்துவிட்டு, காயம் என்று வரும்போது 'அது கான்ட்ராக்டர் பார்த்துக்கொள்வார்' என்று விட்டுவிட்டால் வீதம் 1.4-க்கு இறங்கிவிடும். ஒரே தொழிற்சாலை, ஒரே வருடம், மூன்று எண். மூன்றாவது எண்ணை வேண்டுமென்றே போடுபவர்கள் குறைவு. மணிக்கணக்கு டைம் ஆபீஸிலிருந்து வருகிறது, காயக்கணக்கு சேஃப்டி ஆபீசரிடமிருந்து வருகிறது, இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை. அதனால்தான் இது நடக்கிறது. செபியின் படிவமோ கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்தே விபத்து எண்ணைக் கேட்கிறது.

ஆகவே உங்கள் முதல் வேலை பாலிசி எழுதுவது அல்ல. ஏதாவது ஒரு மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டில் செக்யூரிட்டி எழுதும் நோட்டு, கான்ட்ராக்டர் கொடுக்கும் மஸ்டர் ரோல் (ஆட்களின் வருகைப் பதிவேடு), அதே மாதத்துக்கு அவர் இ.எஸ்.ஐ., பி.எஃப். கட்டிய சலான், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆள் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். கேட் நோட்டில் 180 பேர், மஸ்டரில் 150 பேர், சலானில் 110 பேர் என்று இருந்தால் உங்கள் இ.எஸ்.ஜி. பிரச்சினை என்ன என்று கன்சல்டன்ட் வந்து சொல்ல வேண்டியதில்லை. கான்ட்ராக்டர் கூலி கொடுக்காமல் போனால் கொடுக்க வேண்டிய பொறுப்பு முதன்மை வேலையளிப்பவருடையது, அதாவது உங்கள் கம்பெனியுடையது என்பது பழைய ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்திலும் தொடர்கிறது. எம்.டி.யிடம் பேச இந்த ஒரு வரி போதும். 'சமூகப் பொறுப்பு' என்று சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். 'பாக்கி நம் தலையில் விழும்' என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.

அதே மஸ்டரில் ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட் ஆட்கள் எத்தனை பேர் என்றும் பாருங்கள். இவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு, பலரும் கேட்பதில்லை. இந்த வேலைக்கு வர ஏஜென்ட்டுக்குப் பணம் கொடுத்தாயா, எவ்வளவு? வாங்கிய கடனை அடைக்கும் வரை வேலையை விட முடியாதவன் இருக்கிறான் என்றால், வெளிநாட்டு ஆடிட்டரின் பார்வையில் அது கட்டாய உழைப்பின் அறிகுறி. உங்கள் கம்பெனி ஒரு ரூபாய்கூட வாங்கியிருக்காது. ஆனால் ஆளை அனுப்பியவர் வாங்கியிருப்பார். ஆள் எடுக்கும் செலவைக் கம்பெனியே ஏற்கும், தொழிலாளி ஒரு பைசாவும் தர வேண்டாம் என்று கான்ட்ராக்டர் ஒப்பந்தத்தில் எழுதி, ஆள் சேர்ந்த பிறகு அவருடைய மொழியிலேயே கேட்டு உறுதி செய்வதுதான் இங்கே 'ஒருங்கிணைப்பு'. மற்றதெல்லாம் பவர்பாயிண்ட்.

அடுத்து புகார் வழி. பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் 2013-இன்படி உள்ளகக் குழு இருக்க வேண்டும். தலைமை ஒரு மூத்த பெண் ஊழியர், பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஓர் உறுப்பினர். ஒரு நியமனம் மூன்று வருடத்துக்கு மேல் நீளக் கூடாது. ஆடிட் போகும் இடத்தில் நான் முதலில் பார்ப்பது நோட்டீஸ் போர்டை. குழுவில் பெயர் இருப்பவர் கம்பெனியை விட்டே போயிருப்பார், அவர் நம்பர் வேலை செய்யாது, நோட்டீஸ் ஆங்கிலத்தில் இருக்கும். புகார்ப் பெட்டியோ சூப்பர்வைசர் கேபினுக்கு எதிர்ச்சுவரில், சி.சி.டி.வி. கேமராவுக்கு நேர் கீழே தொங்கும். அப்புறம் அறிக்கையில் 'புகார்கள்: இல்லை' என்று பெருமையாக எழுதுவார்கள். பெண்கள் நிறைய வேலை பார்க்கும் இடத்தில் வருடக்கணக்காகப் புகாரே இல்லை என்றால் நான் சந்தோஷப்பட மாட்டேன். புகார் வழி அடைத்திருக்கிறது என்றே முதலில் நினைப்பேன். முதல் வருடம் நல்ல குழு அமைத்தால் புகார் எண்ணிக்கை ஏறும். அதை எம்.டி.க்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இந்த விஷயத்தில் நம் பக்கத்திலேயே படிக்க வேண்டிய ஒரு பாடம் இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையின் இளம் பெண் தொழிலாளி 2021 ஜனவரியில் கொல்லப்பட்டதை அடுத்து, உள்ளே நடந்த பாலியல் தொல்லைகள் பற்றிப் பெண்கள் வெளிப்படையாகப் பேச ஆரம்பித்தார்கள். 2022 ஏப்ரலில் அந்தத் தொழிற்சாலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ், தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன், ஆசிய ஆடைத் தொழிலாளர்களுக்கான கூட்டமைப்பான ஆசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸ், இன்னொரு சர்வதேசத் தொழிலாளர் உரிமை அமைப்பு ஆகியவை சேர்ந்து கையெழுத்திட்டது திண்டுக்கல் ஒப்பந்தம். எச்&எம், கேப், பி.வி.எச். ஆகிய பிராண்டுகளும் இதற்குக் கட்டுப்பட்டன. சங்கம் பயிற்சி கொடுத்த பெண் தொழிலாளர்களே தளத்தில் கண்காணிப்பாளர்களாக இருந்து, தொல்லை என்றால் அங்கேயே எழுப்புவார்கள், பழிவாங்கல் கூடாது, விதியை மீறினால் ஆர்டருக்குப் பாதிப்பு வரும் என்று அதில் எழுதியிருந்தது. நான் கவனிப்பது கடைசி இரண்டையும்தான். தொழிற்சாலைக்குள் சோஷியல் ஆடிட் வந்து போவது 2021-க்கு முன்பும் நடந்தது. ஆடிட்டர் வருடத்துக்கு ஒரு நாள் வருவார், பக்கத்து மெஷினில் இருக்கும் பெண்ணோ தினமும் இருக்கிறாள். உங்கள் வார்ப்பாலையில் பெண்கள் குறைவாக இருக்கலாம். ஆனால் கோர் ஷாப்பிலும் (வார்ப்புக்குள் வைக்கும் மணல் அச்சு செய்யும் இடம்) பேக்கிங்கிலும் இருப்பார்கள், கேன்டீனிலும் இருப்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் கான்ட்ராக்ட். மறுபடியும் அதே கேள்விக்குத்தான் வருகிறோம்.

சுற்றுச்சூழல் பகுதி எச்.ஆர். வேலை இல்லை, அது மெயின்டனன்ஸ் ஆட்கள் பார்க்க வேண்டியது என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுற்றுச்சூழல் எண்ணை மேம்படுத்த எடுக்கும் சில முடிவுகள் தொழிலாளியின் உடம்பில் போய் விடிகின்றன, அதைத் தடுத்து நிறுத்த வேண்டியவர் நீங்கள்தான். மின்சாரம் மிச்சம் என்று எக்ஸாஸ்ட் ஃபேன்களை மாற்றி மாற்றி அணைத்தால் யூனிட் குறையும், அறிக்கையில் பச்சை அம்பு வரும். நூற்பாலையில் பஞ்சுத் தூசியும் வார்ப்பாலையில் மணல் தூசியும் அதே நாளில் நுரையீரலுக்குள் போகும். திருப்பூரில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு முறை இல்லாமல் பட்டறையைத் திறக்க முடியாது என்றாகிவிட்டது. நொய்யலுக்கு அது தேவைதான். ஆனால் அந்த வட்டாரத்திலேயே கழிவுத் தொட்டிக்குள் இறங்கியவர்கள் விஷவாயு தாக்கிச் செத்த செய்திகளையும் நாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். தொட்டிக்குள் யாரும் இறங்கக் கூடாது, இறங்கியே ஆக வேண்டும் என்றால் வாயுச் சோதனை, பெல்ட், வெளியே காவல் ஆள், எழுத்தில் பெர்மிட் என்பது சுற்றுச்சூழல் பிரிவு மட்டும் போடும் விதியாக இருக்க முடியாது. இறங்குபவர் தினக்கூலிக்கு வந்த ஆள். அவரை யார் கூப்பிட்டார்கள் என்பதே பல நேரம் எச்.ஆருக்குத் தெரியாது.

உங்கள் தொழிலுக்கு இன்னும் நேரடியானது வெயில். 2024-இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. உலைப் பக்கம் நின்று உருக்கு ஊற்றுபவருக்குச் சித்திரையில் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பருவநிலை ஆபத்து என்று கேள்வித்தாளில் ஒரு கட்டம் வருமே, அதில் கார்பன் பற்றி எழுதுவதோடு இதையும் எழுதலாம். மார்ச் முதல் ஜூன் வரை ஊற்றும் வேலையை அதிகாலை ஷிப்டுக்கு மாற்றுவது, நிழலில் உட்கார இடமும் உப்புக் கரைசலும், ஓய்வு நேரத்துக்குக் கூலி பிடிக்காமல் இருப்பது. பீஸ் ரேட் (செய்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும்) ஆட்களுக்குக் கடைசியாகச் சொன்னது முக்கியம், ஓய்வெடுத்தால் காசு போகும் என்றால் யாரும் ஓய்வெடுக்க மாட்டார்கள்.

மூன்றாவது எழுத்தான நிர்வாக ஒழுங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீட்டினால் வம்பு. நம் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் எழுதாத விஷயம் இரட்டை ரிஜிஸ்டர். ஆடிட்டருக்கு ஒரு ஓ.டி. (கூடுதல் நேர வேலை) கணக்கு, உள்ளே வேறு கணக்கு. ஓ.டி.க்கு இரட்டைக் கூலி சட்டம். சிங்கிள் ரேட்டில் ரொக்கமாகக் கொடுப்பது வழக்கம். இது இருக்கும்வரை மேலே சொன்ன எந்த எண்ணுக்கும் மதிப்பில்லை, ஏனென்றால் வேலை மணியே பொய். இதை ஒரே நாளில் சரிசெய்ய முடியாது என்பதும் எனக்குத் தெரியும். தொழிலாளியே அந்த ரொக்கத்தை நம்பி வாடகை கட்டுகிறார். ஆனால் ஒரு எச்.ஆர். அதிகாரி தன் கையெழுத்தைப் போடும் முன் யோசிக்க வேண்டிய இடம் இது.

கே.பி.ஐ. கேட்டீர்கள். சூப்பர்வைசர் போனஸை விபத்து எண்ணிக்கையோடு கட்டாதீர்கள். கட்டினால் விபத்து குறையாது, விபத்து ரிப்போர்ட்தான் குறையும். விரல் நசுங்கியவர் 'வீட்டில் கதவில் மாட்டிக்கொண்டேன்' என்று தனியார் ஆஸ்பத்திரிக்குப் போவார், இ.எஸ்.ஐ. பலனும் போய்விடும். அதற்குப் பதிலாக, நூலிழையில் தப்பிய சம்பவங்களை எத்தனை பேர் சொன்னார்கள், சொன்னதில் எத்தனை இரண்டு வாரத்துக்குள் சரிசெய்யப்பட்டது என்று வையுங்கள். கான்ட்ராக்ட் ஆட்களில் எத்தனை சதவீதம் பேருக்கு வேலையில் சேர்ந்த மாதமே இ.எஸ்.ஐ. எண் வந்தது என்பது இன்னொன்று. மொத்தச் சம்பளப் பட்டுவாடாவில் பெண்களுக்குப் போனது எவ்வளவு என்பதைப் பி.ஆர்.எஸ்.ஆர். கோர் படிவமே கேட்கிறது, அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். தலை எண்ணிக்கையை வைத்து ஏமாற்றுவது சுலபம், சம்பளப் பங்கை வைத்து அவ்வளவு சுலபமில்லை. இந்த மூன்று நான்கு போதும். நாற்பது கே.பி.ஐ. போட்டால் அதை நிரப்பவே ஒரு ஆள் வேண்டும்.

இதுவரை சொன்னவை சட்டத்திலோ படிவத்திலோ தளத்திலோ பார்த்துச் சரிபார்க்கக் கூடியவை. இனி வருவது அப்படியல்ல. 'இ.எஸ்.ஜி. செய்தால் லாபம் கூடும்' என்று கன்சல்டன்ட் சொல்வார். அமெரிக்காவில் அலெக்ஸ் எட்மன்ஸ் என்பவர் 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 'வேலை செய்யச் சிறந்த 100 கம்பெனிகள்' பட்டியலில் இருந்தவற்றின் பங்குகள் 1984 முதல் 2009 வரை வருடத்துக்குச் சுமார் 3.5 சதவீதம் கூடுதல் வருமானம் தந்தன என்று காட்டினார். கவனமான ஆய்வு. ஆனால் அது அமெரிக்காவின் பெரிய லிஸ்டட் கம்பெனிகள் பற்றியது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து கோவை கணபதிப் பகுதியில் இருக்கும் ஒரு வார்ப்பாலைக்கு வாக்குறுதி கொடுக்க நான் தயாரில்லை. மதிப்பெண் தரும் ஏஜென்சிகளின் கதை இன்னும் குழப்பம். ஆறு ஏஜென்சிகள் ஒரே கம்பெனிகளுக்குத் தந்த இ.எஸ்.ஜி. மதிப்பெண்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2022-இல் வந்தது. அவற்றுக்குள் ஒத்துப்போகும் அளவு (முழுக்க ஒத்துப்போனால் 1) சராசரியாக 0.54 தான். கடன் தர மதிப்பீட்டில் இது 0.9-க்கும் மேல். ஆகவே மதிப்பெண்ணைத் துரத்தி ஓடாதீர்கள், ஒருவர் தரும் மார்க்கை இன்னொருவர் தர மாட்டார். ஆள் நிற்பார்களா என்று கேட்டால், நான் பார்த்த இடங்களில் சம்பளம் சொன்ன தேதியில் வந்து, ஹாஸ்டல் கழிவறை சுத்தமாக இருந்தால் ஆட்கள் கூடுதலாக நின்றார்கள். அதே சமயம் பக்கத்து மில்லில் நாளுக்கு ஐம்பது ரூபாய் அதிகம் என்றால் போகவும் செய்தார்கள். என் அனுபவம் அவ்வளவுதான், அதை ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வித்தாளுக்கு வருவோம். தெரியாததை நிரப்பாதீர்கள். 'கான்ட்ராக்ட் தொழிலாளர் பயிற்சி மணிநேரம்' என்ற கட்டத்தில் பதிவு இல்லையென்றால் 'தற்போது பதிவு இல்லை, இந்தக் காலாண்டிலிருந்து பதிவு செய்கிறோம்' என்று எழுதி, யார் பொறுப்பு என்ற பெயரையும் போடுங்கள். வாங்குபவரின் ஆட்கள் இதுபோன்ற தாள்கள் நிறையப் பார்த்தவர்கள். எல்லாக் கட்டத்திலும் 100 சதவீதம் என்று வரும் தாளைத்தான் அவர்கள் முதலில் தனியே எடுத்து வைப்பார்கள். கூடவே ஒன்றைத் திருப்பிக் கேளுங்கள்: கான்ட்ராக்ட் ஆட்களுக்கு முழு இ.எஸ்.ஐ., பி.எஃப்., இரட்டை ஓ.டி. கொடுத்தால் ஒரு பீஸுக்கு எத்தனை ரூபாய் ஏறும் என்ற கணக்கை இணைத்து, அதில் எவ்வளவை விலையில் ஏற்பீர்கள் என்று. விலையைக் குறைக்கச் சொல்லும் பர்ச்சேஸ் துறையும் நலனைக் கூட்டச் சொல்லும் சஸ்டெய்னபிலிட்டி துறையும் ஒரே கம்பெனிக்குள் தனித்தனி மாடியில் உட்கார்ந்திருக்கின்றன. பதில் வருமா என்று தெரியாது, பெரும்பாலும் மழுப்பலாகத்தான் வரும். ஆனால் அந்தக் கணக்கை முதலில் உங்கள் எம்.டி. பார்ப்பார், கான்ட்ராக்ட் ஆட்களின் முழுச் செலவு அவருக்கு ஒரே தாளில் தெரிய வரும். மஸ்டர், சலான் ஒப்பீட்டை முடித்துவிட்டு எண்களோடு இங்கேயே எழுதுங்கள், கம்பெனிப் பெயர் வேண்டாம். எந்த இடைவெளியை முதலில் அடைப்பது என்று சேர்ந்து பார்க்கலாம்.